வீட்டிலே நரம்பு ஊசி

சொந்த ஊரில் ஒருவர் நோயுற்று ஆஸ்பத்திரியில் படுத்தால், துணைக்கு இருக்க அத்தை ஒருத்தி, சோறு கொண்டு வர மைத்துனன் ஒருவன், இரவில் கண்விழிக்க அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் என்று ஆள் கிடைப்பதற்குக் குறைவில்லை. தில்லியிலும் மும்பையிலும் ஆமதாபாத்திலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு அந்த வசதி வாய்ப்பதில்லை. கணவன் அலுவலகம், மனைவி அலுவலகம், குழந்தைக்குப் பள்ளி. இவற்றுக்கு நடுவே பத்து நாள், பதினைந்து நாள் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க நேர்ந்தால் குடும்பம் முழுவதுமே நிலைகுலைந்து போகிறது. ஆகவே, “இனி மருந்தை வீட்டிலிருந்தபடியே ஏற்றிக்கொள்ளலாம்” என்று டாக்டர் சொல்லும்போது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்த மகிழ்ச்சியோடு தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு. அவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

நாம் மருத்துவர் அல்லோம். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். எனினும், 2023-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நம் தாயாருக்கு இத்தகைய சிகிச்சை நம் வீட்டிலேயே நடைபெற்றது. அப்போது நாம் கற்றவையும், கற்கத் தவறியதால் பட்டவையும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்று கருதுகிறோம்.

ஏன் நரம்பின் வழியே?

நம் பேச்சு வழக்கில் ‘நரம்பு ஊசி’ என்று சொல்லுவது உண்மையில் நரம்பில் போடப்படுவதன்று. தோலுக்குக் கீழே நீலநிறமாகத் தெரிகின்றதே, அந்த இரத்தக் குழாயில்தான் அது செலுத்தப்படுகிறது. மருத்துவ நூல்கள் அதனைச் சிரை என்று கூறும். மாத்திரையாக விழுங்கும் மருந்து இரைப்பையைக் கடந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலின் வழியே சென்று, பிறகே இரத்தத்தில் கலக்கிறது. கிருமிக்கொல்லி மருந்துகளான ஆண்டிபயாடிக்குகளில் சில இந்தப் பயணத்தைத் தாங்குவதில்லை. மெரோபெனம், அமிகாசின், வாங்கோமைசின் போன்றவற்றை விழுங்கினால் அவை இரத்தத்தை எட்டுவது மிகச் சொற்பமே. வாந்தி நிற்காத நோயாளிக்கும், நினைவு தப்பிய நோயாளிக்கும் மாத்திரை பயன்படாது. இதய வால்வு, எலும்பு, மூளையுறை போன்ற இடங்களில் கிருமி தங்கிவிட்டால், மருந்து மிகுந்த அளவில் அங்கே சென்று சேர வேண்டும். இத்தகைய நிலைகளில்தான் இரத்தக் குழாயின் வழி தேவைப்படுகிறது.

ஆயினும், ஊசிதான் உயர்ந்தது, மாத்திரை தாழ்ந்தது என்று எண்ணுவது தவறு. லினெசோலிட், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் வாய்வழி கொடுத்தாலும் ஏறத்தாழ முழுமையாகவே இரத்தத்தில் சேர்கின்றன. எலும்பு, மூட்டு ஆகியவற்றில் கிருமி தாக்கியவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இங்கிலாந்தில் ஆராய்ந்து, 2019-ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். தகுந்த மாத்திரையைத் தேர்ந்து கொடுத்தால், அது ஊசிக்குக் குறைந்ததன்று என்பதே அம்முடிவு. டென்மார்க்கில் இதய வால்வு நோயாளிகள் 400 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியிலும், முதலில் ஊசி கொடுத்து நிலைமை சீரானபின் மாத்திரைக்கு மாறியவர்கள் நன்றாகவே குணமடைந்தார்கள். ஆகவே வீட்டில் நரம்பு ஊசி என்று டாக்டர் கூறும்போது நாம் பணிவோடு கேட்க வேண்டிய முதற் கேள்வி, “இதற்கு ஈடான மாத்திரை உண்டா?” என்பதுதான். இல்லையென்றால் ஏன் இல்லை என்பதையும் அவர் விளக்குவார்.

வீட்டுச் சிகிச்சை பிறந்த வரலாறு

1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் போலீஸ்காரருக்குப் பெனிசிலின் கொடுக்கப்பட்டது. மருந்து உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடும் ஆதலால், மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை ஏற்ற வேண்டியிருந்தது. அவர் தேறி வந்தார். ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்துத் திரும்பக் கொடுத்தும் போதவில்லை, அவர் இறந்துபோனார். அந்நாளில் பெனிசிலின் அத்துணை அரிது. நம் நாட்டில் புனே நகரை அடுத்த பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 1954-இல் நிறுவப்பட்ட பிறகே அம்மருந்து இங்கு உற்பத்தியாகத் தொடங்கியது.

மூன்று மணிக்கொரு முறை ஊசி என்றால் ஆஸ்பத்திரியை விட்டு நோயாளி அகல முடியாது. பிற்காலத்தில் நாளொன்றுக்கு ஒரே முறை கொடுத்தால் போதும் என்னும் தன்மையுடைய மருந்துகள் வந்தன. செஃப்ட்ரையாக்சோன், எர்டாபெனம், டைகோபிளானின் ஆகியவை அவ்வகையின. மருந்து நெடுநேரம் இரத்தத்தில் நிலைத்திருப்பதால், ஒரு மணி நேர வேலைக்காக இருபத்துநான்கு மணி நேரமும் கட்டிலில் கிடக்க வேண்டியதில்லை என்றாயிற்று. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரக்கர், ஹாரிசன் என்னும் இருவர், நுரையீரலில் சளி இறுகும் பிறவி நோயுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நரம்பு வழி மருந்து கொடுத்த அனுபவத்தை எழுதி வெளியிட்டார்கள். இம்முறைக்கு அதுவே தொடக்கம் என்பர். மேல்நாட்டு மருத்துவர்கள் இதனை ‘ஓபாட்’ என்னும் சுருக்கப் பெயரால் வழங்குகின்றனர்.

கடுமையான நோயை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பதை ஆராய்ந்து காட்டிய பெருமை சென்னைக்கும் உண்டு. க்ஷயரோகிகளைச் சானடோரியத்தில் பல மாதம் வைத்திருப்பதே முறை என்று உலகம் நம்பிய காலம் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை அவர்தம் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓய்வும் ஊட்டமும் குறைந்த வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர். வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவுமில்லை. அங்கே கொடுத்தது மாத்திரைதான். எனினும் அதில் கிடைத்த பாடம் நமக்கும் பொருந்தும். மருந்து ஒழுங்காகச் செல்வதும், அதைக் கவனித்துப் பார்க்க ஒருவர் இருப்பதுமே முக்கியம். கட்டில் எங்கே கிடக்கிறது என்பது அடுத்தபடி.

யாருக்கு ஏற்றது?

எல்லா நோயாளிக்கும் இம்முறை ஏற்றதன்று. நோய் இன்னதென்றும், கிருமி இன்னதென்றும், அதற்கு இன்ன மருந்து வேலை செய்யும் என்றும் இயன்றவரை சோதனையால் தெளிந்திருக்க வேண்டும். காய்ச்சல் தணியத் தொடங்கி, இரத்த அழுத்தமும் மூச்சும் சீராக இருக்க வேண்டும். வாய்வழி உணவு கொள்ள முடிய வேண்டும். புதிய மருந்தின் முதல் தவணை டாக்டரின் மேற்பார்வையில் கொடுக்கப்பட்டிருத்தல் மிகவும் அவசியம். கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டால் நொடியில் கவனிக்கும் வசதி வீட்டில் இராது. வீட்டில் பொறுப்பான ஆள் ஒருவர், தொலைபேசி, சுத்தமான நீர், விரைவில் சென்று சேரக்கூடிய ஆஸ்பத்திரி ஆகிய நான்கும் வேண்டும். மூச்சு வாங்குபவரையும், பேச்சு தடுமாறுபவரையும், இரத்த அழுத்தம் தாழ்ந்தவரையும் கட்டணத்துக்கு அஞ்சி வீட்டுக்கு அழைத்து வருவது பேராபத்து.

வீட்டுச் சிகிச்சையின் நன்மை பணத்தோடு முடிவதில்லை. ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் நடமாடுகின்றன. முதியோர் அங்கே தங்கும் நாள் குறையக் குறைய அவற்றால் புதிதாகத் தாக்கப்படும் வாய்ப்பும் குறைகிறது. பழகிய அறையில், பழகிய உணவோடு இருக்கும் முதியவர்க்கு உறக்கமும் மனத்தெளிவும் நன்றாக இருக்கின்றன.

இதை நடத்துவதில் மூன்று வழிகள் உள்ளன. நோயாளி நாள்தோறும் ஆஸ்பத்திரியின் பகல்நேரப் பிரிவுக்குச் சென்று மருந்து ஏற்றிக்கொண்டு திரும்புவது ஒன்று. நர்ஸ் வீட்டுக்கு வந்து ஏற்றிச் செல்வது மற்றொன்று. நோயாளியோ வீட்டாரோ பயிற்சி பெற்றுத் தாமே ஏற்றிக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்றாவது முறை மேல்நாடுகளில் பரவலாக உள்ளது. அங்கே பலூன் போல் விரிந்து, தானே சுருங்கி மருந்தை மெதுவாகச் செலுத்தும் சிறு கருவியும் பயன்படுகிறது. நம் நாட்டில் முதலிரண்டுமே பெருவழக்கு.

கையில் இருக்கும் குழாய்

மருந்து செல்லும் வாயிலைப் பற்றி வீட்டார் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். புறங்கையிலோ முன்கையிலோ செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய்க்குக் கானுலா என்று பெயர். அது பெரும்பாலும் சில நாட்களே தாங்கும். இரண்டு மூன்று வாரம் மருந்து வேண்டுமானால், மேற்கைச் சிரையில் செருகி இதயத்தின் அருகே வரை செல்லும் நீண்ட மெல்லிய குழாயைப் பொருத்துவார்கள். அதனைப் ‘பிக் லைன்’ என்பர். அது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இருக்கக்கூடும். எவ்வகையாயினும் அது வெளியுலகிலிருந்து இரத்தத்திற்குள் திறக்கும் ஒரு கதவு. மருந்து நுழையும் அதே கதவின் வழியே கிருமியும் நுழையும்.

ஆகையால் மருந்து ஏற்றுபவர் முதலில் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். குழாயின் முனையை ஸ்பிரிட்டுப் பஞ்சால் நன்கு தேய்த்து, உலரவிட வேண்டும். உப்பு நீரைச் சிறிது செலுத்தி வழி அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு மருந்தைச் செலுத்தி, முடிவில் மீண்டும் உப்பு நீரால் கழுவ வேண்டும். இந்த ஒழுங்கில் ஒன்று குறைந்தாலும், “அம்மா, கை கழுவிவிட்டீர்களா?” என்று கேட்க வீட்டாருக்கு உரிமை உண்டு. நல்ல நர்ஸ் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கட்டு நனையாமல் குளிக்க வேண்டும். பிக் லைன் உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்க விடக்கூடாது. அந்தக் கையால் கனத்த பையைத் தூக்கலாகாது.

மருந்தைக் கரைக்கும் நீரிலும் கவனம் வேண்டும். எர்டாபெனத்தைக் குளுக்கோஸ் நீரில் கலக்கக்கூடாது. உப்பு நீரில்தான் கலக்க வேண்டும். கலந்து அறையில் வைத்தால் ஆறு மணி நேரத்திற்குள் அதனை ஏற்றிவிட வேண்டும். செஃப்ட்ரையாக்சோனைச் சுண்ணாம்புச் சத்துள்ள ரிங்கர் லாக்டேட் நீரோடு கலத்தல் ஆகாது. வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் உட்கொள்பவருக்கு எர்டாபெனம், மெரோபெனம் போன்றவற்றைக் கொடுத்தால் வால்ப்ரோயேட்டின் அளவு இரத்தத்தில் சரிந்து வலிப்பு வரக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு மருந்தின் அளவையே குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் சொல்லிவிடுவது கடமையாகும்.

ஒரு சொல்லால் நேர்ந்த துன்பம்

நம் தாயாருக்கு எழுபத்தொரு வயது. கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தில்லிக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியும், காய்கறிக்காரனோடு பேரம் பேசும் அளவுக்கே இந்தி வரும். நீரிழிவு உடையவர். அவ்வாண்டு மார்கழியில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. சிறுநீரைச் சோதித்ததில், வழக்கமான மாத்திரைகள் எதற்கும் அடங்காத கிருமி என்று தெரிந்தது. எர்டாபெனம் பத்து நாள் ஏற்ற வேண்டும் என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஏற்றி, நிலைமை தேறியதும், எஞ்சிய ஏழு நாளை வீட்டிலேயே முடிக்கலாம் என்று அனுப்பினார்கள். நாள்தோறும் காலை பதினொரு மணிக்கு நர்ஸ் ஒருவர் வந்து, அரை மணி நேரம் மருந்து ஏற்றிச் சென்றார். நல்ல பெண், சுத்தமும் பொறுமையும் உடையவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அவ்வேளையில் நாம் அலுவலகத்தில் இருப்போம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் தாயாருக்கு முன்கை எரியத் தொடங்கியது. அவர் முகம் சுளிப்பதைக் கண்ட நர்ஸ், “ஜலன் ஹை க்யா?” என்று கேட்டார். எரிகிறதா என்பது பொருள். தாயார் காதில் விழுந்ததோ ‘ஜலம்’. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள் போலும் என்று எண்ணி, “நஹீ, நஹீ” என்று சொல்லிவிட்டார். நர்ஸ் இரண்டாம் முறையும் கேட்டார். அதே விடை கிடைத்தது. மருந்து முழுவதும் ஏறியது. அல்லது ஏறியதாகத் தோன்றியது.

மாலை ஏழு மணிக்கு நாம் வீடு திரும்பியபோது, முன்கை முழங்கை வரை வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. “ஏன் அம்மா சொல்லவில்லை?” என்றதற்கு, “எரிச்சல் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்தப் பெண் தண்ணீர் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்றேன். அவளைப் போய்த் தொந்தரவு செய்வானேன்?” என்றார். அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழாய் நழுவி, மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே தசையில் கசிந்திருந்தது. இரத்தக் குழாயும் அழன்றிருந்தது. அதனை அகற்றி மறு கையில் புதிது பொருத்தினார்கள். அன்றைய மருந்து முழுமையாகச் சென்றிராது என்று கருதி ஒரு நாள் கூட்டினார்கள். கை ஆறப் பத்து நாள் பிடித்தது. இன்னும் ஒரு நாள் கவனியாமல் விட்டிருந்தால் தசை புண்ணாகியிருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னபோது நமக்கு நா எழவில்லை. சொற்களைப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நம் வீட்டில், அவசியமான ஒரு சொல்லை நாம் பெயர்த்து வைக்கவில்லை.

தவறு நர்ஸினுடையது அன்று, தாயாருடையதும் அன்று. மறுநாளே ஒரு தாளில் இரண்டு மொழியிலும் சில சொற்களை எழுதிக் கட்டிலருகே ஒட்டினோம். இந்தி வழங்கும் ஊர்களில் இருப்பவர் இவற்றை அப்படியே எழுதிக்கொள்ளலாம். எரிச்சல் என்பதற்கு ஜலன், வீக்கம், சூஜன், வலி, தர்த், அரிப்பு, குஜ்லீ, குளிர்நடுக்கம், கப்கபீ, தலைசுற்றல், சக்கர், மூச்சு வாங்குதல், சான்ஸ் பூல்னா. ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஒரு வரியும் இந்தி எழுத்தில் ஒரு வரியும் இருந்தால், நோயாளி விரலால் சுட்டிக் காட்டினாலே போதும். மராத்தியோ வங்காளமோ கன்னடமோ வழங்கும் ஊராயின், அண்டை வீட்டாரைக் கேட்டு எழுதிக்கொள்க. அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. முதியோரிடம் மற்றொன்றும் சொல்லி வைக்க வேண்டும்: பொறுத்துக்கொள்வது இங்கே நற்குணம் ஆகாது.

அபாய அறிகுறிகள்

மருந்து ஏறும்போது மூச்சு இறுகினாலும், தொண்டை அடைத்தாலும், உதடு வீங்கினாலும், உடலெங்கும் தடிப்பு எழுந்தாலும் உடனே மருந்தை நிறுத்தி, அவசர உதவிக்கு 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். ஏற்றி முடிந்த சிறிது நேரத்தில் உடல் நடுங்கிக் காய்ச்சல் கண்டால், குழாயின் வழியே கிருமி புகுந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். குழாய் உள்ள இடம் சிவத்தல், கையோ கழுத்தோ வீங்குதல், நாளொன்றுக்குப் பலமுறை நீராகப் பேதியாதல், சிறுநீர் குறைதல், காதில் இரைச்சல், முதியோர்க்குத் திடீர் மனக்குழப்பம் ஆகியவற்றையும் தாமதியாது டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை நெடுநாள் நீடிக்குமாயின், வாரம் ஒரு முறையேனும் இரத்தம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் சோதனைகள் செய்வது வழக்கம். காய்ச்சல் இல்லையே என்று அவற்றைத் தள்ளிப்போடலாகாது.

ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன் ஐந்து செய்திகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மருந்தின் பெயரும் அளவும் கரைக்கும் நீரும். தொடங்கிய நாளும் முடிக்க வேண்டிய நாளும். குழாய் பொருத்திய தேதியும் அகற்ற வேண்டிய தேதியும். அடுத்த சோதனையும் டாக்டரைப் பார்க்கும் நாளும். இரவில் அழைத்தாலும் விடை கிடைக்கும் தொலைபேசி எண். முடிக்கும் நாள் எழுதாத சீட்டு முழுமையான சீட்டு ஆகாது.

பணமும் சட்டமும்

காப்பீடு உள்ளவர்கள் பத்திரத்தைப் படித்துப் பார்த்த பிறகே வீட்டுச் சிகிச்சைக்கு இசைய வேண்டும். வீட்டில் பெறும் சிகிச்சைக்குப் பணம் தருவதாகப் பல பத்திரங்களில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் அதன் வழக்கமான இலக்கணம் குறுகியது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல இயலாத நிலையிலோ, அங்கே இடமில்லாத நிலையிலோ மட்டுமே அது செல்லுபடியாகும். வசதி கருதி வீட்டில் ஏற்றிக்கொண்டால் பணம் மறுக்கப்படலாம். வேறு சில பத்திரங்களில் வீட்டுப் பராமரிப்புக்கென்றே தனிப் பிரிவு உள்ளது. எப்பிரிவின் கீழ் வரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிக. டாக்டரின் சீட்டு, நர்ஸின் வருகைக் குறிப்பு, மருந்துக் கடை ரசீது ஆகியவற்றைத் தேதிவாரியாகக் கோத்து வைக்க வேண்டும்.

மருந்துக் கடையிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ‘எச் ஒன்று’ என்னும் அட்டவணையை அரசாங்கம் 2013-இல் அறிவித்தது. 2014 மார்ச்சு முதல் அது நடைமுறைக்கு வந்தது. செஃப்ட்ரையாக்சோனும் எர்டாபெனமும் மெரோபெனமும் அதில் அடங்கும். டாக்டரின் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது. டாக்டரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். வீண் தொல்லை என்று நாம் இதற்குச் சலித்துக்கொள்ளலாகாது. நம் தாயாரின் கிருமி மாத்திரைகளுக்கு அடங்காமல் போனதற்குக் காரணம், தேவையற்ற இடத்தில் தேவையற்ற மருந்தைப் பலரும் பல்லாண்டு பயன்படுத்தியதே. இந்நிலை கண்டு, நம் நாட்டு மருத்துவச் சங்கங்கள் 2012-ஆம் ஆண்டில் சென்னையில் கூடி, ஆண்டிபயாடிக்குகளை அளவறிந்து வழங்க வேண்டும் என்று ‘சென்னைப் பிரகடனம்’ ஒன்றை வெளியிட்டன.

ஆகவே, மூலைக் கடையில் மருந்து வாங்கி, தெருமுனைக் கம்பவுண்டரை அழைத்து, உடம்பு வலிக்கும் ஜலதோஷத்துக்கும் பாட்டில் ஏற்றிக்கொள்வதை இந்தச் சிகிச்சையோடு சேர்த்து எண்ணலாகாது. அதில் நோய் இன்னதென்று தெரியாது, மேற்பார்வை இல்லை, முடிவு நாள் இல்லை. குளுக்கோஸ் பாட்டிலால் தெம்பு வரும் என்பதும் பெரும்பாலும் வெறும் நம்பிக்கையே. அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸ் நீரில் இருப்பது இருபத்தைந்து கிராம் சர்க்கரைதான்; வாயால் உண்ண முடிந்தவர்க்கு ஒரு கிண்ணம் கஞ்சி அதனினும் மேலானது.

கடைசியாகக் கழிவைப் பற்றி ஒரு சொல். பயன்படுத்திய ஊசியைக் குப்பைக் கூடையில் எறிந்தால், அது மறுநாள் குப்பை பொறுக்கும் ஏழைச் சிறுவனின் கையில் குத்தும். ஊசிகளைக் கூர்முனை துளைக்காத கெட்டியான டப்பாவில் இட்டு மூடி, நர்ஸிடமோ ஆஸ்பத்திரியிலோ திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பதினோராம் நாள் நம் தாயாரின் கையிலிருந்து குழாய் அகற்றப்பட்டது. அந்த நர்ஸுக்குத் தம் கையால் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, “இது இருக்கட்டும், கிழிக்காதே” என்றார் தாயார். இன்றும் அத்தாள் அங்கேயே இருக்கிறது. வெளியூரில் வாழும் நேயர்கள் தத்தம் வீட்டில் அப்படியொரு தாளை, நோய் வருமுன்னரே எழுதி வைத்துக்கொள்வார்களாக.